பதினேழாம் பெட்

அன்புள்ள ஜெபா,

இதைக் கூரியரில் போட்டால் அமெரிக்காவில் உன்னிடம் வந்துசேர ஆறு நாள் ஆகும் என்றார்கள். ஆறு நாள் காத்திருக்கும் தைரியம் என்னிடம் இல்லை. அதனால் கையால் எழுதி, தாம்பரம் ஸ்டேஷன் எதிரே உள்ள ப்ரௌசிங் சென்டரில் ஸ்கேன் செய்து, உன்னோடு தங்கியிருக்கும் கார்த்திக்குக்கு அனுப்பப் போகிறேன். அச்செடுத்து உன் கையில் கொடுத்துவிட்டு, நீ படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்படி அவனைக் கேட்டிருக்கிறேன். அவன்மேல் கோபப்படாதே. நேற்று அவனாகத்தான் போன் செய்தான். "அங்கிள், நாலு நாளா ஜெபா ஆபீஸ் வரலை. செவுத்தைப் பாத்துப் படுத்திருக்கான். ப்ரெட்டு, பாலு, எது வச்சாலும் வச்ச எடத்துல அப்படியே இருக்கு. வீட்ல ஏதாவது பிரச்சினையா அங்கிள்?" என்றான். பிரச்சினை செய்வதற்கு வீட்டில் ஆள் இருந்தால்தானே. அப்படி ஒன்றுமில்லை, அவனைத் தனியாக மட்டும் விட்டுவிடாதே தம்பி என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, ஏழு மாதத்துக்குப் பிறகு, நீ எனக்குப் போன் செய்தாய். சர்ச்சிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உன் நம்பரைப் பார்த்ததும் பாதிச் சட்டையோடு ஓடிவந்து எடுத்தேன். எப்படி இருக்கிறீர்கள் என்று நீ கேட்கவில்லை. "அந்த செவன்டீன், அம்மாவா?" என்று ஒரே கேள்வி. நான் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரமே உனக்குப் பதிலாகியிருக்கும். ஆமாம் என்றேன். வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நாற்பது தடவைக்கு மேல் கூப்பிட்டுவிட்டேன். உன் போனில் ஆங்கிலம் பேசும் ஒரு பெண் இருக்கிறாள், அவளுக்கு என் குரல் பழகியிருக்கும்.

உனக்கு விஷயத்தைச் சொன்ன ஸ்டெல்லா ஆன்ட்டி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அம்மாவோடு இருபது வருஷம் ஒரே வார்டில் நின்றவர். நேற்று மாலை அவரிடம் போய்க் கேட்டபோது அழுதுவிட்டார். "அண்ணா, எஸ்தர் அந்தக் கதையைப் பெருமையா சொல்லுவாண்ணா. செவன்டீன் செய்யறதை எம் புள்ள கெத்துன்னுச்சுடின்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. தம்பிக்கு அது தெரிஞ்சா ஆறுதலா இருக்கும்னு நெனச்சேண்ணா." ஊசி போடப் படிப்பும் பயிற்சியும் கேட்கிறார்கள். ஆறுதல் சொல்ல மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை. அதனால் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் நீ இப்போது சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு எந்த ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அந்த வார்த்தையால் உன் அம்மா சாகவில்லை. இந்தக் கடிதம் முழுக்க அதைச் சொல்லத்தான். நடுவில் நான் வேறு எதையாவது சொன்னால், வயதான ஆள், வளவளவென்று பேசுகிறான் என்று பொறுத்துக்கொள்.

கார்த்திக்கும் பக்கத்தில் இருப்பதால், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். அவனுக்கும் விளங்கட்டும். தம்பி, இவன் அம்மா எஸ்தர் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பெண்கள் அறுவை சிகிச்சை வார்டில் இருபத்திரண்டு வருஷம் நர்ஸ். ஆனால் செம்பாக்கத்தில் எங்கள் தெரு முழுக்க அவளுக்கு இரண்டாவது வார்டு. மூலை மளிகைக் கடை பஷீர் பாய் ஷட்டரில் காலைக் கிழித்துக்கொண்டு வந்தபோது, ஊசி என்றதும் அந்த ஆறடி மனிதர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பாய், உங்க கல்யாணத்துக்கு எத்தனை ஆடு வெட்டுனாங்க?" என்று கேட்டாள் எஸ்தர். அவர் விரல் மடித்தார். "பதினொண்ணு. இல்ல சிஸ்டர், மச்சான் ஒண்ணு குடுத்தாரு, பன்னெண்டு. எங்க மாமு வேற..." "முடிஞ்சிடுச்சு பாய், போய்க் கடையத் தொறங்க." பாய் மறுநாள் காலை வந்து கேட்டைத் தட்டி, பதின்மூன்று என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் போட்ட ஊசிகள் எல்லாமே இப்படித்தான். முதலில் ஒரு கோணல் கேள்வி. ஆள் யோசிக்க ஆரம்பிக்கும்போது ஊசி உள்ளே போய், பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது வெளியே வந்திருக்கும். உனக்கு ஒன்பது வயதில் நாய் கடித்தபோது ஐந்து ஊசி. முதல் ஊசிக்கு, "நம்ம பாஸ்டர் குளிக்கும்போது அங்கியக் கழட்டுவாரா மாட்டாரா?" ஐந்தாவது ஊசிக்கு, "டைனோசருக்கு ஊசி போடணும்னா எங்கடா போடுவாங்க?" கண்ணில் தண்ணீரோடு தீவிரமாக யோசித்தாய். ஊசி முடிந்துவிட்டதால் அந்தக் கேள்விக்கு நீ பதிலே சொல்லவில்லை.

நோயாளிகளின் பெயரை அவள் வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை. பெயரை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு நம்பரை மட்டும் கொண்டுவருவாள். நமக்கு அத்தனை பேரையும் பெட் நம்பரில்தான் தெரியும். பித்தப்பைக் கல்லை எடுத்த பிறகு அந்தக் கல்லைத் தன்னிடம் கொடுத்தே ஆகவேண்டும் என்று அழுதாளே, ஒன்பதாம் பெட். "வீட்ல நடிக்கிறேன்னு சொல்றாங்க சிஸ்டர், மாமியாருக்குக் காட்டணும்." மயக்கம் தெளியும்போது சர்ஜனைப் பார்த்து, "வீட்டுப்பாடம் எங்க? வெளிய போய் முட்டி போடு," என்றாளே, நாலாம் பெட் டீச்சர். மூன்று பேரும் தட்டில் கை காய்ந்துபோகும்வரை சிரித்திருக்கிறோம். முகம் தெரியாத அந்தப் பெண்களுக்காக நீ சின்ன வயதில் இரவு ஜெபத்தில் நம்பர் சொல்லி ஜெபித்திருக்கிறாய். "ஆண்டவரே, மூணாம் பெட்டுக்குக் காய்ச்சல் விடணும்." ஆண்டவருக்கு எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லவேண்டாமா என்று கேட்டேன். அவருக்குத் தெரியும் என்றாய். நானும் நம்பரில் பிழைத்தவன்தான். முப்பது வருஷம் கல்லூரி நூலகத்தில், புத்தகத்தின் முதுகில் உள்ள எண்ணைப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவேன் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமை என்ன ஆயிற்று என்றுதான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ வேலைக்குச் சேர்ந்த வருஷம், ஆடி மாசக் காற்று அடிக்கும்போது, நம் மேஜைக்கு செவன்டீன் வந்தாள். "புதுசா ஒண்ணு வந்திருக்கு, சரியான வாயாடி," என்று ஆரம்பித்தாள் அம்மா. மார்பில் கட்டி. டாக்டர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்ததும், "சார், கட்டி எனக்கு, நீங்க ஏன் சார் அழறீங்க?" என்று கேட்டாளாம். ஸ்கேன் மெஷினுக்குள் போகும்போது, "சிரிக்கணுமா, சும்மா இருக்கலாமா?" என்றாளாம். நமக்கு அவளை மிகவும் பிடித்துவிட்டது. கேளம்பாக்கம் தாண்டி உன் ஆபீசுக்குப் போகும் கம்பெனி வேனிலிருந்து, செவன்டீன் இன்னைக்கு என்ன சொல்லிச்சு என்று அம்மாவுக்கு மெசேஜ் அனுப்புவாய். அவளும் அனுப்புவாள். இப்போது நினைத்துப் பார்க்கிறேன். ஒரு மனுஷி தன்னைப் பற்றிய செய்தியைத் தன் மகனுக்குத் தினமும் சொல்லவும் வேண்டும், சொல்லாமலும் இருக்கவேண்டும் என்றால் வேறு எப்படிச் சொல்லியிருக்க முடியும்?

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். விசா குத்திய உன் பாஸ்போர்ட் சனிக்கிழமை வந்தது. அதைக் கொண்டாட ஞாயிறு ஆட்டுக்கறி. நீ எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தாய். அம்மா உனக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள். "செவன்டீன் புதுசா ஒரு கலாட்டா பண்ணுதுடா. உடனே ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. இது மாட்டேங்குது. அதோட பையன் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போறானாம். அவன் ஃப்ளைட் ஏறுறவரைக்கும் வாயைத் தொறக்க மாட்டாளாம். தெரிஞ்சா அவன் போகாம உக்காந்துடுவானாம்."

"செவன்டீன் கெத்தும்மா," என்றாய் நீ. "அது சொல்றது கரெக்ட்தான். நானா இருந்தா டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு உக்காந்துடுவேன். அதுக்கு சொல்லாம இருக்கறதே பெட்டர்."

"நீயா? உனக்கு ஜலதோஷம் புடிச்சாலே அம்மா அம்மான்னு ஊரக் கூட்டுவ. நீ என்னடா எனக்காக டிக்கெட்டைக் கிழிக்கறது."

"உனக்காக இல்லம்மா. செவன்டீனுக்காக."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதற்கும் ஒரு பையன், அவனும் வெளிநாடு போகிறான் என்றபோதுகூட நம் இருவருக்கும் உறைக்கவில்லை. அந்த வருஷம் தாம்பரத்தில் யார் வீட்டுப் பையன்தான் வெளிநாடு போகவில்லை? நான் என் பங்குக்குக் கல்லூரி ஆண்டுவிழாவில் பேசுவதுபோல், விவரம் தெரிந்த ஒரு பெண் தன் உடம்பைப் பற்றி எடுக்கும் முடிவை மற்றவர்கள் மதிக்கவேண்டும் என்று ஒரு சிறு சொற்பொழிவும் ஆற்றினேன். எலும்பு எனக்கும் நன்றாக வெந்திருந்தது.

ஜெபா, நீ நினைத்து நினைத்து வாடுவது இந்தச் சாப்பாட்டைத்தான். நேற்று ஸ்டெல்லா சொன்ன இன்னொரு விஷயத்தைக் கேள். அது உனக்குத் தெரியாது, எனக்கும் நேற்றுவரை தெரியாது. ஆபரேஷனுக்கு நாள் வாங்க நகரத்துக்குள் இருக்கும் அந்த வேறு ஆஸ்பத்திரிக்கு அம்மா போனபோது கூடப் போனவர் ஸ்டெல்லா. சொந்த வார்டில் படுத்தால் மரியாதை போய்விடும் என்று அம்மா வேறு ஆஸ்பத்திரி தேடியிருக்கிறாள். டிசம்பர் முதல் வாரத்துக்குத்தான் வருவேன் என்று அங்கே டாக்டரோடு சண்டை போட்டு நாள் வாங்கியது வெள்ளிக்கிழமை. அன்று மாலை ஸ்டெல்லாவின் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள், அதற்காக அவர் பாதியில் பஸ் பிடித்து ஓடிவந்தார், அதனால் நாள் அவருக்கு மறக்கவில்லை. அடுத்த நாள்தான் உன் பாஸ்போர்ட் வந்தது. அதற்கும் அடுத்த நாள்தான் நீ கெத்து என்றாய். அவள் உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. முடிவெடுத்துவிட்டு வந்து உனக்குக் குழம்பு ஊற்றினாள். நீ என்ன சொல்லியிருந்தாலும் டிசம்பர் டிசம்பர்தான். உன்னைத் தேற்ற நான் கட்டிய கதை என்று நினைத்தால் ஸ்டெல்லாவுக்கே போன் செய்து கேள். அவருக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் நீ இப்போது ஆபீசில் இருந்திருப்பாய்.

அந்த ஞாயிறு அவள் நிஜமாகவே அனுமதி கேட்ட ஆள் ஒருவன் உண்டு. அன்று சாயங்காலம் நீ நண்பர்களோடு வெளியே போய்விட்டாய். நான் சமையலறை வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள். நம் தெருவில் இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் நேரத்தில் குழாயை மூடுகிறாள் என்றால், அது ஒன்றே எனக்குப் போதுமான எச்சரிக்கையாக இருந்திருக்கவேண்டும்.

"என்னங்க, செவன்டீனோட வீட்டுக்காரருக்கு மட்டுமாவது சொல்லச் சொல்லலாமா?"

"அந்த ஆளு எப்படி?"

"நல்ல மனுஷன்தான். எப்பவும் பேப்பர் படிச்சிக்கிட்டு இருப்பாரு."

ஜெபா, இதற்கு மேல் ஒரு பெண் எப்படிச் சொல்லவேண்டும்? நான் தலையைக்கூடத் தூக்கவில்லை. "அப்ப வேண்டாம். படிக்கற ஆளுங்க ரொம்பப் பயப்படுவாங்க. ஆபரேஷனுக்கு மொத நாள் சொன்னா போதும்," என்றேன்.

"அப்படியா சொல்றீங்க?"

"அவன் என்ன பண்ணப் போறான் பாவம்."

பிறகு குழாயைத் திறந்தாள்.

மேஜையில் நீ சொன்னதை நான் கேட்டேன், அம்மா கேட்டாள், அவள் அதை ஸ்டெல்லாவிடம் சொல்லிச் சிரித்தாள். சமையலறையில் நான் சொன்னதை அவள் யாரிடமும் சொல்லிச் சிரிக்கவில்லை. நீ தினமும் பன்னிரண்டு மணி நேரம் வேனிலும் ஆபீசிலும் இருந்தாய். நான் அவளோடு ஒரே கட்டிலில் படுத்தேன். இரண்டு மாதமாக அவள் வலது கையால் வாளி தூக்கவில்லை. கைப்பையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டாள். நான் பார்த்தேன். பார்க்காமல் இல்லை. "என்ன, திடீர்னு கட்சி மாறிட்டியா?" என்று கேட்டேன். நல்ல நகைச்சுவை என்று நினைத்தேன். அவளும் பெருந்தன்மையாகச் சிரித்தாள். அவள் அன்று என்னிடம் சொல்லியிருந்தால் நான் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்த வாரமே போயிருப்பேனா? போயிருப்பேன் என்று நம்புகிறேன். மூன்று மாதம் முன்னால் போயிருந்தால் பிழைத்திருப்பாளா? பின்னால் டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். நல்ல மனிதர். என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

நீ விமானம் ஏறிய வாரத்துக்கு அடுத்த வாரம், ஒரு பையில் நைட்டியும் சோப்பும் எடுத்து வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். சரியாக முதல் நாள். போன வாரம்தான் தெரிந்தது என்றாள். பயத்தில் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. அவனுக்குச் சொல்லக் கூடாது, ப்ராஜெக்ட் முடியட்டும் என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். கல்லறைத் தோட்டத்தில் நீ என் சட்டையைப் பிடித்து, "உங்களுக்கு டிசம்பர்லயே தெரியும். எனக்கு ஒரு போன் பண்ண ஆறு மாசமா உங்களுக்கு விரல் இல்லையா?" என்று கேட்டபோது நான் சத்தியத்தைப் பற்றிச் சொன்னேன். அது பாதி உண்மை. மறைப்பது எனக்கும் சௌகரியமாக இருந்தது என்பது மீதி. சொன்னால் நீ வருவாய், வந்தால் அழுவாய், அழுதால் அவள் சாகப்போகிறாள் என்று நான் நம்பவேண்டிவரும். ஞாயிறுதோறும் ப்ரௌசிங் சென்டரில் கேமரா முன்னால் உட்காரும்போது அவள் தலையில் முக்காடு இருக்கும். ஜெபக் கூட்டத்திலிருந்து நேராக வருகிறேன் என்பாள். மருந்தில் முடியெல்லாம் கொட்டிவிட்டது. "என்னம்மா ஓவர் பக்தி, கன்னியாஸ்திரி ஆகப் போறியா?" என்று கேட்டாய். "ஆமாண்டா, உங்கப்பா அப்ளிகேஷன் வாங்கிட்டு வந்துட்டாரு," என்றாள். கேமராவில் தெரியாத இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அவள் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது. நகம் பதிந்த இடம் மறுநாள்வரை இருந்தது.

கடைசி வாரத்தில் ஒரு காலை, கஞ்சி குடித்துக்கொண்டே, "செவன்டீனுக்கு டிஸ்சார்ஜ் எழுதப் போறாங்க போலிருக்கு," என்றாள். "எந்த செவன்டீன்?" என்றேன். ஆறு மாத அலைச்சலில் எனக்கு மறந்தே போயிருந்தது. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "மறந்துட்டீங்களா? சரி, விடுங்க. அது ஒரு வாயாடி," என்று சொல்லிக் கஞ்சியைக் கீழே வைத்தாள். இரண்டாவது முறையும் கதவைத் தட்டினாள், இரண்டாவது முறையும் நான் வீட்டில் இல்லை.

நீ அமெரிக்காவுக்குத் திரும்பிய பிறகு, அவளுடைய லாக்கரில் இருந்த பொருட்களை எடுத்துக்கொண்டு வர அவள் வார்டுக்குப் போனேன். ஒரு ஜோடி வெள்ளைச் செருப்பு, கத்தரிக்கோல், பாதி தின்ற கடலைமிட்டாய். இருபத்திரண்டு வருஷம் அந்த ஆஸ்பத்திரி வாசலில் ஸ்கூட்டரில் இறக்கிவிட்டிருக்கிறேன், வார்டுக்குள் போனது அன்றுதான் முதல் தடவை. அவள் பேசிய பெட்களையெல்லாம் பார்க்கவேண்டும் என்று ஆசை வந்தது. நாலு, ஒன்பது என்று நம்பரைப் படித்துக்கொண்டே நடந்தேன். பதினாறில் சுவர் வந்துவிட்டது. பதினேழு எங்கே என்று ஸ்டெல்லாவைக் கேட்டேன். "இங்க ஏதுண்ணா பதினேழு? மொத்தமே பதினாறுதான்," என்று சொன்னவர், சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். நான் அந்தச் செருப்பைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன். நீ இப்போது பார்க்கும் அதே சுவர்தான் என்று வைத்துக்கொள். அந்தப் பக்கம் ஒன்றுமில்லை, நான் ஏழு மாதமாகப் பார்த்துவிட்டேன்.

அதை உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்லியிருந்தால், முதலில் ஆட்டுக்கறிச் சாப்பாடு உன் நினைவுக்கு வந்திருக்கும். அப்பா மறைத்துவிட்டார் என்று என்மேல் கோபமாகவே இருந்துவிட்டுப் போகட்டும், அது ஆரோக்கியமான கோபம், அதோடு ஆபீஸ் போகலாம், சாப்பிடலாம் என்று கணக்குப் போட்டேன். நானும் அம்மாவும் நல்லது செய்வதாக நினைத்து மாறி மாறி மறைத்தோம். அம்மா உனக்காக, நான் அவளுக்காக, பிறகு உனக்காக. இந்த வீட்டில் நல்லது செய்யாமல் சும்மா இருந்த ஒரே ஆள் நீதான். அதனால் தண்டனை உனக்கு என்று நீயே தீர்ப்பு எழுதிக்கொண்டு படுத்திருப்பதில் எந்த நியாயமும் இல்லை. கோபத்தை எங்காவது வைக்கவேண்டும் என்றால் என்மேல் வை. பழைய இடம்தான், உனக்குப் பழக்கம். நான் இவ்வளவு நேரம் எழுதியது அந்த இடத்தைத் துடைத்துக் கொடுக்கத்தான்.

புத்திமதி சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனாலும் அப்பன் எழுதும் கடிதம், ஒன்றாவது இருக்கவேண்டும். உனக்கு ஒரு மனைவி வருவாள். அவள் யாரோ ஒருத்தியின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவள் முகத்தைப் பார். அவள் வேலை பார்க்கும் இடத்துக்கு ஒருமுறையாவது போ. குழாய் நின்றால் பேப்பரைக் கீழே வை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அறுபது வருஷமும் ஆயிரக்கணக்கான புத்தகங்களும் செலவழித்துக் கற்றது.

பஷீர் பாய் தினமும் காலையில் பால் பாக்கெட்டை நீட்டிக்கொண்டே, "சார், தம்பி பேசிச்சா?" என்று கேட்கிறார். ஏழு மாதமாக, பேசினான் பாய், நன்றாக இருக்கிறான் என்று சொல்லிவருகிறேன். ஒரு நாள் வேறு ஒன்றும் தோன்றாமல் உனக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டேன். கல்லாவைத் திறந்துபோட்டுவிட்டு ஓடிப்போய் ஜாங்கிரி வாங்கிவந்தார். கடை வாசலில் நின்று சாப்பிட்டேன். நேற்றும் கேட்டார். பாக்கெட்டை வாங்கக்கூடக் கை நீட்டாமல் நின்றேன். அவர் பாக்கெட்டைக் கையில் வைத்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார். பயமாக இருக்கிறது, ஜெபா. இதை நான் எந்தப் பெட் நம்பரையும் வைத்துச் சொல்லவில்லை. எனக்கு, உன் அப்பனுக்கு, பயமாக இருக்கிறது. சமையலறைக்குள் போக முடியவில்லை. சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போய், பீச்சிலிருந்து மின்சார ரயில்கள் வந்து காலியாவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஆள் நடமாட்டம் இருக்கிறது என்பதற்காக. அவளை நான் கவனிக்காமல் இழந்தேன். உன்னைக் கவனித்துக்கொண்டே இழந்துவிடுவேனோ என்று இருக்கிறது. இன்று காலை பாஸ்போர்ட்டுக்கு மனு வாங்கி வந்தேன். திருநெல்வேலியைத் தாண்டாதவன், அதில் எதை எழுதுவது என்றுகூடத் தெரியவில்லை. ஆனால் நீ எடுக்காவிட்டால் வருவேன். வந்து உன் சுவருக்கும் உனக்கும் நடுவில் உட்காருவேன்.

உன் அம்மா கேள்வியை முதலில் கேட்டுவிட்டு ஊசியைப் பிறகு போடுவாள். எனக்கு அந்தக் கைப்பக்குவம் இல்லை, ஊசியை முதலில் போட்டுவிட்டேன். வலித்திருக்கும். கேள்வியை இப்போது கேட்கிறேன். புதிதாக யோசிக்க எனக்கு வராது, அவளுடையதையே எடுத்துக்கொள்கிறேன்.

டைனோசருக்கு ஊசி போடவேண்டும் என்றால் எங்கேடா போடுவார்கள்?

பதினாலு வருஷமாக நீ பதில் சொல்லவில்லை. கார்த்திக்கின் போனை வாங்கிச் சொல். அங்கே எத்தனை மணியானாலும் பரவாயில்லை, பதில் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா